மின்வெட்டைச் சொன்ன படம்

ஜனவரிக் கடைசியில் ஓர் இரவு, மணி பத்தேகால். நான் போடியில் என் வீட்டு மாடி அறையில். என் தொலைநோக்கி மலைக்கு மேலே, மாட்டுப்பட்டியில். நடுவே போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகள், பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று எண்பது கிலோமீட்டர் போலச் சாலை. மடிக்கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி: இடம் காண முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றேன், அதே வரி. படத்தைத் திறந்து பார்த்தால் கடுகைச் சிதறவிட்டதுபோல் விண்மீன்கள். மேகமில்லை, மூடுபனியில்லை, ஃபோகஸ் கச்சிதம். இத்தனை விண்மீன்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை என்கிறது கணினி.

தொலைவில் இருந்தபடி வானத்தைப் படமெடுக்கும் எவருக்கும் பழகிப்போன வரி அது. பலர் இந்த இடத்தில் மென்பொருளைத் திட்டிவிட்டு, அதை அழித்து மறுபடி நிறுவப் போவார்கள். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன்.

மாட்டுப்பட்டி, பெயரே சொல்வதுபோல் மாடு அடைத்த பட்டி. மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1700 மீட்டர் மேலே. 1950களில் எழும்பிய அணை, 1963இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணை, மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. இடுக்கி மாவட்டம்தான், ஆனால் டீக்கடையிலும் லயத்திலும் புழங்குவது பெரும்பாலும் தமிழ். படகுச் சவாரிக்கு வந்த கூட்டம் மாலையில் மூணாறுக்குத் திரும்பிவிட்டால் இருட்டு தாராளமாக இறங்கும். இரண்டு பருவமழையும் ஓய்ந்த பிறகு, டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை, துடைத்துவிட்டாற்போன்ற வானம் கிடைக்கும் இரவுகள் உண்டு. தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிமென்ட் தூண் கட்டி, மேலே தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட்டையும் 400 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சின்னத் தொலைநோக்கியையும் ஏற்றி வைத்திருக்கிறேன். தகரக் கூரையைத் தள்ளித் திறக்க ஒரு மோட்டார். எல்லாவற்றையும் ஆட்டிவைக்க உள்ளங்கை அகலக் கணினி ஒன்று.

இப்படித் தூரத்தில் இருந்து தொலைநோக்கியை இயக்குவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. லடாக்கின் ஹன்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக 2001 முதலே இயக்கிவருகிறார்கள். அங்கே மலையில் ஆள் உண்டு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "அண்ணே, கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்களேன்" என்று ராத்திரியில் கேட்க முடியாத ஊர் மாட்டுப்பட்டி. யானை வரும். மூணாறு வட்டாரத்தில் படையப்பா என்று பெயர் வாங்கிய கொம்பன் ஒருவன் இருக்கிறான், சாலை நடுவே நின்றுகொள்வான், கடையில் இருக்கும் பழத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்வான். ஆகவே எந்தக் கோளாறானாலும் வந்து சேர்ந்த படத்தை வைத்தே கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்தப் படத்தில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பது புரிய, இப்படிப் படத்தை வைத்து இடம் காண்பதற்குப் பெயராக, பிளேட் சால்விங் என்று இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சொல்லும் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். பிளேட் என்பது கண்ணாடித் தகடு. ஃபிலிம் வருவதற்கு முன்பிருந்தே வானியலாளர்கள் மருந்து பூசிய கண்ணாடியில்தான் வானத்தைப் பிடித்தார்கள். 1887இல் பாரிசில் கூடி, வானம் முழுவதையும் நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு தகடுகளில் ஏற்றுவதென்று முடிவெடுத்தார்கள். ஒரு தகட்டுக்கு வானில் இரண்டு பாகை நீளம், இரண்டு பாகை அகலம். ஹைதராபாத்தின் நிஜாமியா வான்காணகமும் தன் பங்கை ஏற்று, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைப் பட்டியலிட்டது. வாடிகனுக்கு விழுந்த பங்கில் 4,81,215 விண்மீன்களை நான்கு கன்னியாஸ்திரீகள் 1910 முதல் 1921 வரை நுண்ணோக்கியில் குனிந்தே அளந்து முடித்தார்கள்.

ஒரு தகட்டைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, ஏற்கெனவே இடம் தெரிந்த சில விண்மீன்களை அதில் அடையாளம் காண்பது. அவற்றைக் கொண்டு தகட்டின் மையம் வானில் எங்கே விழுகிறது, தகடு எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஒரு மில்லிமீட்டருக்கு வானில் எத்தனை கலை (ஆர்க்மினிட்) என்பதைக் கணக்கிடுவார்கள். அது கிடைத்துவிட்டால் மற்ற விண்மீன்களின் இடம் தானாக வந்துவிடும். தகடு மறைந்து சிலிக்கான் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தகடே இல்லாத காலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது, அதுவும் நம் ஊரில். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான்காணகத்தில் டெய்லர் என்பவர் கண்ணாலேயே அளந்து, 1844இல் 11,015 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அதே இடத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரலில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். புதிதாக ஒரு புள்ளி வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த மூலையில் இருக்க வேண்டிய புள்ளிகள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலைக் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்ட குறுங்கோள் இன்று ராமானுஜன் என்ற பெயரில் சுற்றுகிறது. அதற்கும் அடிப்படை இதே வேலைதான்.

கணினி இதை எப்படிச் செய்கிறது? புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு புள்ளிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக இருக்கும் இரண்டை ஒரு சதுரத்தின் எதிரெதிர் மூலைகளாக வைத்துக்கொண்டால், மற்ற இரண்டும் அந்தச் சதுரத்துக்குள் எங்கே விழுகின்றன என்பதை நான்கு எண்களில் சொல்லிவிடலாம். கோலத்தைப் பெரிதாகப் போட்டாலும் சிறிதாகப் போட்டாலும், வாசலைப் பார்த்துப் போட்டாலும் தெருவைப் பார்த்துப் போட்டாலும் அந்த நான்கு எண்களும் மாறா. வானம் முழுக்க இப்படி நாலு நாலு விண்மீனாக எடுத்து எண்களை முன்கூட்டியே கணக்கிட்டு அகராதிபோல் அடுக்கி வைத்துவிட்டால், புதிதாக வந்த படத்திலிருந்து நான்கு விண்மீனை எடுத்து அகராதியில் தேடுவது நொடி வேலை. டஸ்டின் லாங், டேவிட் ஹாக், சாம் ரோவைஸ் உள்ளிட்ட ஐவர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் சாரம் இதுதான். அவர்கள் எழுதிய அஸ்ட்ரோமெட்ரி.நெட் மென்பொருள் இன்று உலகம் முழுக்க இலவசமாக ஓடுகிறது.

நான்கு எண் பொருந்தியதும் அது தாலி கட்டிவிடுவதில்லை. தரகர் கொண்டுவந்த ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. படம் வானின் இந்த மூலைதான் என்றால் இன்னின்ன இடங்களில் இன்னும் பல விண்மீன்கள் இருக்க வேண்டுமே, இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால்தான் சம்மதம். பெரிய வானாய்வுத் திட்டம் ஒன்றின் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது 99.9 சதவீதத்துக்கு மேல் சரியான விடை வந்ததாகவும், தவறான விடை ஒன்றுகூட வரவில்லை என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லும், தப்பாகச் சொல்லாது. இந்தக் குணம் மனிதர்களிடம்கூட அபூர்வம்.

ஆஸ்டாப் போன்ற மென்பொருள்கள் இன்னும் வேகமாக முடிக்க ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. வானம் முழுவதையும் தேடாமல், தொலைநோக்கி தான் நிற்பதாகச் சொல்லும் இடத்திலிருந்து தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே தேடிக்கொண்டு போகும். சரியான இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். அதற்கு நாம் மூன்று சொல்ல வேண்டும்: படத்தின் அகல உயரம் வானில் எவ்வளவு, தொலைநோக்கி சுமாராக எங்கே பார்க்கிறது, எத்தனை பாகை வரை தேடலாம்.

இத்தனை வருட இரவு விழிப்பில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இடம் காணாமல் போவதற்கு மென்பொருள் காரணமாக இருப்பது அபூர்வம். ஒன்று, படத்துக்குக் கண் தெரியவில்லை. இல்லையென்றால், கணினியிடம் நாம் பொய் சொல்லியிருக்கிறோம்.

கண் தெரியாத படத்தை அடையாளம் காண்பது சுலபம், ஆனால் யாரும் படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பிழைச் செய்தியை மட்டும் வாசித்துவிட்டுப் பதறுகிறோம். படம் முழுக்கக் கறுப்பு என்றால் கூரை திறக்கவில்லை, அல்லது மூடியை எடுக்காமல் மலை இறங்கிவிட்டீர்கள். முழுக்கச் சாம்பல் வெளிச்சம், விண்மீனே இல்லை என்றால் அணைப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டது. அது வரும்போது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். லென்சில் பனிநீர் கோப்பது வேறு மாதிரி. முதல் படத்தில் விண்மீன்கள் சரியாக இருக்கும், பத்தாவது படத்தில் சற்று உப்பி மங்கும், இருபதாவது படத்தில் காணாமல் போகும். லென்சைச் சுற்றி வெதுவெதுப்பான பட்டை கட்டாதவர்கள் மூணாறு மலையில் படமெடுக்க ஆசைப்படக் கூடாது. விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் அப்பளம்போல் வட்டமாக விரிந்து தெரிந்தால் ஃபோகஸ் நகர்ந்துவிட்டது என்று பொருள்.

அது ஏன் நகர்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 400 மில்லிமீட்டர் நீள அலுமினியக் குழாய் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் சுருங்கும். தலைமுடியின் தடிமன் அளவுதான். ஆனால் 80 மில்லிமீட்டர் வாயுள்ள அப்படிப்பட்ட தொலைநோக்கியில் ஃபோகஸ் கெடாமல் இருக்க அனுமதிக்கக்கூடிய நகர்வு மொத்தமாக 0.07 மில்லிமீட்டர்தான். ஜனவரியில் அந்த மலையில் மாலைக்கும் விடிகாலைக்கும் 10 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம், சில காலைகளில் புல் மேல் உறைபனியே படியும். மாலை ஏழு மணிக்கு வைத்த ஃபோகஸை நம்பி நள்ளிரவில் இடம் காணச் சொன்னால் அது எப்படிச் சொல்லும்?

விண்மீன்கள் கோடு கோடாக இழுபட்டிருந்தால் மவுன்ட் திரும்பி நிலைகொள்வதற்கு முன்பே கேமரா திறந்துவிட்டது, நாலைந்து நொடி பொறுக்கச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் குறுகிய வடிகட்டி முன்னால் இருந்தால் ஐந்து நொடிப் படத்தில் விண்மீன்கள் விரல்விட்டு எண்ணும் அளவே விழும், நேரத்தைக் கூட்டுங்கள். குளிரூட்டாத கேமராவில் சூடேறிய பிக்சல்கள் வெள்ளைப் புள்ளிகளாக நின்று விண்மீன் வேஷம் கட்டும். பக்கத்துப் பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் அந்த வேஷம் பெருமளவு கலையும். இதையெல்லாம் விடக் கொடுமை, திருடனுக்குப் பயந்து நாமே மாட்டிய சிசிடிவி. அதன் அகச்சிவப்பு விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது, வானத்துக்கென்று செய்த கேமராவுக்குப் பட்டப்பகல்போல் தெரியும். படத்தின் ஒரு மூலை மட்டும் காரணமில்லாமல் வெளுத்திருந்தால் அந்த விளக்கைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது பொய். முதல் பொய் அளவில் வரும். ஒரு பிக்சலுக்கு வானில் எத்தனை விகலை (ஆர்க்செகண்ட்) என்று அறிய, பிக்சலின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206.265ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலும் 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் என்றால் 1.94 விகலை. அகலத்தில் 6248, உயரத்தில் 4176 பிக்சல் உள்ள கேமராவுக்கு இது 3.4 பாகைக்கு 2.2 பாகை. இதே குழாயின் பின்னால் 0.8 மடங்கு குறைக்கும் லென்ஸ் ஒன்றைச் சேர்த்துவிட்டு மென்பொருளில் 400 என்றே விட்டுவைப்பவர்கள் ஏராளம். உண்மையில் அப்போது குவியத்தூரம் 320. அகல உயரம் கால் பங்கு கூடிவிட்டது, கணினி பழைய சட்டத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியின் மேல் அச்சடித்திருக்கும் குவியத்தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஒரு தடவை, வீட்டில் நிதானமாக இருக்கும்போது, எந்தத் தகவலும் கொடுக்காமல் ஒரு படத்துக்கு இடம் காணச் செய்யுங்கள். விடையோடு சரியான அளவும் வரும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது பொய் இடத்தில் வரும், அதுதான் அந்த ஜனவரி இரவில் என்னைச் சுற்றவிட்டது.

அன்று நான் குறிவைத்தது ஓரியன் நெபுலா, வேட்டைக்காரனின் இடைக்கச்சையிலிருந்து தொங்கும் வாளில் இருக்கும் மேகம். வானத்தின் தீர்க்கரேகைக் கணக்கில் 5 மணி 35 நிமிடம், அட்சரேகையில் தெற்கே ஐந்தரை பாகைக்குச் சற்றுக் குறைவு. படம் சுத்தம், அளவு சரி, முந்தின நாள்வரை எல்லாம் ஓடியிருக்கிறது. திரை மூலையில் மலைக் கணினியின் கடிகாரத்தைப் பார்த்தேன், சரியான நேரம். தேடும் எல்லையை வேகத்துக்காக 15 பாகை என்று வைத்திருந்தேன். கடைசியில் படத்தை எடுத்து, "உனக்கு எதுவும் சொல்லமாட்டேன், நீயே வானம் முழுக்கத் தேடிக்கொள்" என்று அஸ்ட்ரோமெட்ரி.நெட்டிடம் விட்டேன். அரை நிமிடத்தில் விடை வந்தது. 7 மணி 15 நிமிடம், தெற்கே ஐந்தரை பாகை. ஓரியன் இல்லை, அதற்குக் கிழக்கே பால்வீதி ஓடும் ஒற்றைக்கொம்பன் மண்டலம். கடுகு சிதறிய காரணமும் புரிந்தது.

அட்சரேகையில் பிழையே இல்லை, தீர்க்கரேகையில் மட்டும் கிழக்கே ஒரு மணி 40 நிமிடம். மவுன்ட் இடறியிருந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கும். இப்படி ஒரே பக்கம், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக விலகினால் குற்றவாளி நேரம்தான். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஒரு மணி 40 நிமிடம் என்றால் 25 பாகை. என் 15 பாகை எல்லைக்கு வெளியே. மவுன்ட்டின் கடிகாரம் அவ்வளவு பின்தங்கி ஓடியிருக்கிறது. ஆனால் திரையில் நேரம் சரியாக இருக்கிறதே?

போன் போட்டேன்.

"அண்ணே, சாயங்காலம் கரண்டு போச்சா?"

"ஆமா தம்பி, எட்டரை இருக்கும். சீரியல் ஓடிட்டிருந்துச்சு, பாதியில போயிருச்சு. பத்து மணிக்குத்தான் வந்துச்சு."

ஒன்றரை மணி நேரம். மீதிப் பத்து நிமிடமும் உடனே புரிந்துபோனது. இந்த வகைச் சின்னக் கணினிகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. அவ்வப்போது நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மின்சாரம் போய் வந்தால் கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். அன்று அது கடைசியாகக் குறித்தது எட்டு இருபதுக்கு. பத்து மணிக்கு உயிர் வந்ததும் அதற்கு மணி எட்டு இருபது. அந்தத் தவறான நேரத்தை மவுன்ட்டுக்கும் சொல்லிவிட்டது. சில நிமிடம் கழித்து மோடத்துக்குச் சிக்னல் கிடைத்ததும் இணையத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டது. மவுன்ட்டிடம் மட்டும் திருத்தத்தைச் சொல்லவில்லை. பொய்யைச் சொன்னவர் திருந்திவிட்டார், கேட்டவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்பதை ஒற்றைக்கொம்பன் மண்டலத்து விண்மீன்கள் வந்து சொல்லிவிட்டுப் போயின. மவுன்ட்டின் நேரத்தைத் திருத்தி, தொடக்க நிலைக்குக் கொண்டுபோய், மறுபடி ஓரியனுக்குத் திருப்பினேன். மூன்று நொடியில் இடம் கண்டது.

நேரப் பொய்யில் நம் நாட்டுக்கே உரிய ஒன்று உண்டு. நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணியை மறந்து ஐந்து என்றோ ஆறு என்றோ பதிந்தால் ஏழரை பாகை தவறும். ஏழரை என்றாலே நமக்குச் சனி ஞாபகம் வரும், வரட்டும். தீர்க்கரேகையில் கிழக்கு என்பதற்கு மேற்கு என்று அழுத்திவிட்டால் இன்னும் மோசம். மாட்டுப்பட்டி கிழக்கே 77 பாகை. அது மேற்கே 77 ஆனால் 154 பாகை தவறி, தொலைநோக்கி தரையைப் பார்த்தாலும் ஆச்சரியமில்லை.

மூன்றாவது பொய் நுட்பமானது, பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு உடனே புரியும். பூமியின் அச்சு பம்பரம்போல் தலை சுற்றுவதால் வானத்தின் அளவுக்கோடுகளே ஆண்டுக்கு 50 விகலைக்குச் சற்று மேல் நகர்கின்றன. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று வருவது இதே நகர்வின் கணக்குதான். விண்மீன் பட்டியல்கள் 2000ஆம் ஆண்டு நிலவரத்தில் எழுதப்பட்டவை, பல மவுன்ட்டுகள் இன்றைய நிலவரத்தில் பேசுகின்றன. ஒருவர் சொல்வதை மற்றவர் மொழிபெயர்க்காமல் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டில் 21 கலை வித்தியாசம், நிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இடம் காணல் வெற்றி என்று சொல்லும், ஆனால் இலக்கு நடுவில் வராது. திருத்தத் திருத்த அதே 21 கலை தள்ளியே நிற்கும். செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது என்றால் எந்த ஆண்டுக் கணக்கில் பேசுகிறீர்கள் என்று இரண்டு மென்பொருளையும் கேளுங்கள்.

பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் கையா விண்கலம் இன்று 180 கோடி விண்மீன்களுக்கு மேல் இடம் குறித்துக் கொடுத்திருக்கிறது. டெய்லரின் பதினோராயிரத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது. அத்தனையும் நமக்கு வேண்டாம். அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்றால், படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து முழு அகலம் வரையான அளவுக் கோப்புகள் கணினியில் இருந்தால் போதும். ஆஸ்டாப் என்றால் 0.2 முதல் 6 பாகை வரையான படத்துக்கு டி50 என்ற தொகுப்பு. இவற்றை வீட்டிலேயே இறக்கி ஏற்றிவிட வேண்டும். மலையில் இணையத்தை நம்பினால், நான் சொன்ன கேமராவின் ஒரு படம் 52 மெகாபைட். நொடிக்கு ஒரு மெகாபிட் மேலே போகும் இணைப்பில் ஒரே படத்துக்கு ஏழு நிமிடம். அதற்குள் மூடுபனி ஏறிவிடும். அன்று அரை நிமிடத்தில் விடை வந்ததும் கோப்புகள் மலைக் கணினியிலேயே இருந்ததால்தான்.

இதே படக் கணக்கு இந்த ஊரில் வேறொரு காரியத்துக்கும் கைகொடுக்கிறது. மவுன்ட்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். வடநாட்டில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அதைச் சரிசெய்துவிடுவார்கள். மாட்டுப்பட்டியின் அட்சரேகை பத்து பாகை, ஆகவே துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ பத்தே பாகை. அந்த உயரத்தில் அங்கே நிற்பது யூகலிப்டஸ் மரமோ எதிர்மலையோதான். மரத்துக்கு மேலே தப்பித்தவறித் தெரிந்தாலும், காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் ஐந்து கலை தூக்கிக் காட்டும். அதனால் நாங்கள் துருவனைத் தேடுவதே இல்லை. வானின் ஏதாவது ஒரு மூலையில் ஒரு படம், அச்சை மட்டும் சுழற்றி இன்னொன்று, மறுபடி சுழற்றி மூன்றாவது. மூன்றுக்கும் இடம் கண்டால் படத்தின் மையம் எந்த வட்டத்தில் நகர்ந்தது என்று தெரியும், வட்டத்தின் மையம்தான் அச்சு. நீனா என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு செருகுநிரல் இருக்கிறது.

மார்ச்சில் மலையேறியபோது அந்தக் கணினியின் கடிகாரத்துக்கு ஒரு பட்டன் பேட்டரி போட்டுவிட்டு வந்தேன். தேடும் எல்லையை 30 பாகையாக்கி, அதிலும் தோற்றால் வானம் முழுக்கத் தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்த இடம் எதிர்பார்த்த இடத்திலிருந்து பத்து பாகைக்கு மேல் விலகியிருந்தால் எதையும் திருப்பாமல் நின்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். தோற்ற படங்கள் ஒன்றையும் அழிப்பதில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். டிசம்பரில் வானம் திறக்கும், அதற்குள் விண்மீன் கோப்புகளை இறக்கி, ஒரு படத்துக்காவது வீட்டு மொட்டைமாடியில் இடம் கண்டு பாருங்கள்.